ஓர் இலத்திரனை வெளியே அனுப்பித் திரும்ப அழைத்தல்: விரிதாளில் செய்துபார்க்கும் முறை

ஆகன் அணு ஒன்றிலிருந்து ஓர் இலத்திரனை உருவி, ஏறத்தாழ 1.4 நனோமீற்றர் தூரம் வெளியே ஓடவிட்டு, ஏறத்தாழ 1.7 பெம்டோசெக்கனில் புறப்பட்ட அணுவிலேயே மோதச் செய்ய முடியும். இந்த வேலையைச் செய்வது மிகக் குறுகிய லேசர்த் துடிப்பு ஒன்றின் மின்புலம். எந்த இலத்திரன் திரும்பி வரும், எது வராது, வருவது எவ்வளவு சக்தியோடு வரும் என்பதையெல்லாம் சாதாரண மடிக்கணினியில் ஒரு விரிதாளைத் திறந்து நீங்களே கணித்துப் பார்க்கலாம். உயர்தரத்தில் பௌதிகவியலும் இணைந்த கணிதமும் படித்திருந்தால் போதும். மட்டக்களப்பில் சனிக்கிழமை மாலைகளில் என் வீட்டு மேசையைச் சுற்றி அமரும் மாணவர்களில் சிலர் உயர்தரம் எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருப்பவர்கள், சிலர் வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம் படிப்பவர்கள். அவர்களோடு பலமுறை செய்து திருத்திய ஒழுங்கிலேயே இதை எழுதுகிறேன்.

2023 ஆம் ஆண்டு பியர் அகொஸ்டினி, ஃபெரென்ஸ் கிரவுஸ், ஆன் லூலியே ஆகிய மூவருக்கும் இந்தத் துறையில் செய்த ஆய்வுக்காகப் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தபோது, இலத்திரனைப் படம்பிடிக்கும் கமரா கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்று பலரும் எழுதினார்கள். அந்த உவமை எனக்கு உவப்பானதன்று. கமரா தான் பார்ப்பதை அசைப்பதில்லை. இங்கே லேசரோ இலத்திரனைப் பிடித்துத் தள்ளுகிறது. கல்லடிக் கடற்கரையில், அலை உடையும் இடத்தில் வள்ளத்தைத் தள்ளுபவரைப் பார்த்திருப்பீர்கள். அவர் தன் பலத்தைவிட நேரத்தையே நம்பி நிற்கிறார்: ஒரு கணம் பார்த்துத் தள்ளினால் வள்ளம் அலையைத் தாண்டிப் போய்விடும், ஒரு கணம் தவறினால் அதே அலை அதைக் கரைக்கே திருப்பிக் கொண்டுவந்து போடும். இலத்திரனின் கதையும் இதுதான். ஒரு வேறுபாடு, இங்கே கரைக்குத் திரும்பி வருவதுதான் நமக்கு வேண்டியது.

முதலில் அளவுகளை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஆய்வுகூடங்களில் பெரும்பாலும் பயன்படும் தைத்தேனியம்–நீலக்கல் லேசரின் அலைநீளம் ஏறத்தாழ 800 நனோமீற்றர். அந்த ஒளியின் மின்புலம் ஒருமுறை முழுதாக ஊசலாட 2.67 பெம்டோசெக்கன் ஆகிறது. ஒரு பெம்டோசெக்கன் என்பது 1000 அட்டோசெக்கன், ஓர் அட்டோசெக்கன் என்பது 10⁻¹⁸ செக்கன். இந்த ஊசலை 360 பாகைகளாகப் பிரித்தால் ஒரு பாகைக்கு 7.4 அட்டோசெக்கன் வரும். விரிதாளில் ஒரு நிரையை ஒரு பாகைக்கு ஒதுக்கினால், நீங்கள் ஒரு நிரை கீழே இறங்கும்போது 7.4 அட்டோசெக்கன் கடந்து போகிறது. போரின் மாதிரியுருவில் ஐதரசனின் இலத்திரன் கருவை ஒருமுறை சுற்றிவர 152 அட்டோசெக்கன் எடுக்கும். நமது தாளில் அது இருபது நிரைக்குச் சற்று மேல். இந்த ஒப்பீட்டைச் சொன்ன பிறகுதான் என் மாணவர்களுக்கு அட்டோசெக்கன் என்பது வெறும் சுழிகளின் வரிசையாக இல்லாமல் கையில் பிடிக்கக்கூடிய ஒன்றாகத் தெரிந்தது.

இனிச் செறிவைத் தெரிவு செய்க. ஆகனுக்குச் சதுர சென்ரிமீற்றருக்கு 2 × 10¹⁴ வாற்று பொருத்தமானது. இந்தச் செறிவில் மின்புலத்தின் உச்சம் மீற்றருக்கு 3.88 × 10¹⁰ வோல்ற்று. ஐதரசன் அணுவில், போர் ஆரையின் தூரத்தில், கருவின் மின்புலம் மீற்றருக்கு 5.14 × 10¹¹ வோல்ற்று. ஆகவே லேசரின் புலம் அதன் பதின்மூன்றில் ஒரு பங்கு. அணுவை உடைத்துப்போட இது போதாது. ஆனால் இலத்திரனைக் கட்டிவைத்திருக்கும் சக்தித் தடுப்பை ஒரு பக்கமாகச் சாய்த்து மெலிதாக்க இது போதும். மெலிந்த தடுப்பின் ஊடாக இலத்திரன் கசிந்து வெளியே வருகிறது. இதைச் சுரங்க விளைவு என்பர். அது நிகழக்கூடிய நிலைமை இருக்கிறதா என்பதைத் தொடங்குமுன் ஒரு கணக்கால் சோதித்துக்கொள்வது நல்லது.

அந்தக் கணக்குக்கு ஊசலாட்டச் சக்தி என்ற ஒரு கணியம் தேவை. அணுவிலிருந்து விடுபட்ட இலத்திரன் ஒளியின் புலத்தில் ஆடும்போது அதற்குக் கிடைக்கும் சராசரி இயக்கசக்தி அது. செறிவைச் சதுர சென்ரிமீற்றருக்கு 10¹⁴ வாற்று என்ற அலகிலும், அலைநீளத்தை மைக்ரோமீற்றரிலும் எடுத்து, செறிவை அலைநீளத்தின் வர்க்கத்தாலும் 9.33 ஆலும் பெருக்கினால், விடை இலத்திரன்வோல்ற்றில் வரும். நமக்கு 2 × 0.64 × 9.33, அதாவது 11.9. ஆகனின் அயனாக்கற் சக்தி 15.76 இலத்திரன்வோல்ற்று. அயனாக்கற் சக்தியை ஊசலாட்டச் சக்தியின் இருமடங்கால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.81 வருகிறது. 1964 இல் கெல்டிஷ் என்ற சோவியத் பௌதிகவியலாளர் தந்த அளவுகோல் இது. விடை ஒன்றைவிடக் குறைவாக இருந்தால் தடுப்பினூடாகக் கசியும் படத்தை நம்பித் தொடரலாம்.

இப்போது விரிதாளைத் திறக்கவும். லிப்ரே ஆபிஸ் இலவசமாகக் கிடைக்கிறது, அதுவே போதும். மின்புலம் கோசைன் வடிவில் மாறுகிறது என்று கொள்வோம்: 0 பாகையில் உச்சம், 90 இல் சுழி, 180 இல் எதிர்த்திசை உச்சம். இலத்திரன் புறப்படும் அவத்தையைப் புறப்பாட்டுக் கோணம் என்றும், பின்னர் வரும் எந்தக் கணத்தின் அவத்தையையும் நடப்புக் கோணம் என்றும் அழைக்கிறேன். புறப்படும் கணத்தில் இலத்திரனின் வேகம் சுழி, இடம் அணுவின் மையம், வெளியே வந்தபின் கருவின் கவர்ச்சியைக் கவனிக்க வேண்டியதில்லை என்ற மூன்று எளிமையாக்கங்களைச் செய்துகொள்க. மூன்றும் முழு உண்மையல்ல. ஆயினும் 1993 இல் கனடாவின் போல் கோர்க்கம் இவற்றை வைத்தே, பரிசோதனைக்காரர்களைப் பல வருடங்களாகக் குழப்பிய ஒரு புதிரை விடுவித்தார்.

ஆர்முடுகலை ஒருமுறை தொகையிட்டால் வேகமும், மறுமுறை தொகையிட்டால் இடப்பெயர்ச்சியும் வரும். இணைந்த கணிதத்தில் நீங்கள் நூறு தடவை செய்த வேலைதான் என்பதால் படிகளை விட்டுவிடுகிறேன். இடப்பெயர்ச்சிக்கான கோவை இது: நடப்புக் கோணத்தின் கோசைனிலிருந்து புறப்பாட்டுக் கோணத்தின் கோசைனைக் கழித்து, அதனோடு, இரு கோணங்களின் வித்தியாசத்தைப் புறப்பாட்டுக் கோணத்தின் சைனால் பெருக்கி வருவதைக் கூட்டுக. திரும்பி வரும்போதுள்ள சக்திக்கு, நடப்புக் கோணத்தின் சைனிலிருந்து புறப்பாட்டுக் கோணத்தின் சைனைக் கழித்து, வர்க்கித்து, இரண்டால் பெருக்குக. விடை ஊசலாட்டச் சக்தியின் எத்தனை மடங்கு என்பதாக வரும்.

ஒரு தனிக் கலத்தில் புறப்பாட்டுக் கோணத்தை இடுக, தொடக்கத்துக்கு 18 என்று வைத்துக்கொள்ளலாம். முதலாம் நிரலில் 18 இலிருந்து 380 வரை ஒவ்வொரு பாகையாக நிரப்புக. இரண்டாம் நிரலில் அவற்றை ஆரையனுக்கு மாற்றுக. மூன்றாம் நிரலில் இடப்பெயர்ச்சி, நான்காம் நிரலில் சக்தி. இரண்டாம் நிரலை ஒருபோதும் தவிர்க்க வேண்டாம். முதன்முதலாக இதைச் செய்தபோது நான் பாகைகளை அப்படியே கோசைனுக்குள் போட்டுவிட்டேன். 18 இன் கோசைன் 0.951 ஆக வரவேண்டிய இடத்தில் 0.660 வந்தது, தாள் முழுவதும் ஏதோ ஓர் ஊசலாட்டம் அழகாகவே தெரிந்ததால் பிழை என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டு மாலைகள் வீணாயின. முதல் கோசைன் பெறுமானத்தைக் கைக் கணிப்பானில் சரிபார்ப்பதை அன்றிலிருந்து கட்டாயமாக்கிவிட்டேன்.

மூன்றாம் நிரல் சுழியில் தொடங்கி மறைப் பக்கம் இறங்கும், ஓரிடத்தில் திரும்பும், பின்னர் மேலேறி நேர் பக்கத்துக்குக் கடக்கும். மறையிலிருந்து நேருக்குக் குறி மாறும் நிரையே இலத்திரன் அணுவுக்குத் திரும்பும் கணம். 18 பாகையில் புறப்பட்டது 252 பாகையில் திரும்பும். நான்காம் நிரலில் அந்த இடத்தில் ஏறத்தாழ 3.17 என்று காண்பீர்கள். இடையில் 162 பாகையில் அது மிகத் தூரத்தில் இருக்கும்; நாம் எடுத்த செறிவுக்கு அந்தத் தூரம்தான் முதலில் சொன்ன 1.4 நனோமீற்றர், ஐதரசனின் போர் ஆரையைப்போல் ஏறத்தாழ 26 மடங்கு. பயணம் முழுவதற்கும் 234 பாகை, அதாவது 1.73 பெம்டோசெக்கன்.

குறி மாறும் நிரையைக் கண்ணால் தேடுமாறு சொல்வதற்குக் காரணம் உண்டு. விரிதாளில் கோல் சீக் என்று ஒரு கருவி இருக்கிறது. இடப்பெயர்ச்சி சுழியாகும் கோணத்தைத் தானே தேடித் தரும். முதலாம் வருடப் பிள்ளை ஒருத்தி அதைப் பயன்படுத்தினாள், தேடலை 20 பாகையிலிருந்து தொடங்கினாள். சிறிது நேரத்தில் தலையை நிமிர்த்தி, "சேர், இலத்திரன் வெளிக்கிடவே இல்ல, அங்கேயே நிக்குது" என்றாள். கருவி 18 என்று விடை தந்திருந்தது. பிழையான விடையல்ல அது: புறப்படும் கணத்திலும் இடப்பெயர்ச்சி சுழிதானே. அங்கே வளையி அச்சைத் தொட்டுக்கொண்டு நிற்பதால் அருகில் தொடங்கும் எந்தத் தேடலும் அந்தக் குழிக்குள்ளேயே விழும். "240 இலிருந்து தேடச் சொல்லு பிள்ளை" என்றேன், 252 வந்தது. கருவியைப் பயன்படுத்த விரும்புவோர் தாளில் குறி மாறும் இடத்தைப் பார்த்து, அதன் அருகிலிருந்து தொடங்கவும்.

புறப்பாட்டுக் கோணத்தை மாற்றி மாற்றி இதையே திரும்பச் செய்வதில்தான் விடயமே இருக்கிறது. 10 பாகையில் புறப்பட்டால் 280 க்குச் சற்று முன் திரும்புகிறது, சக்தி 2.69 மடங்கு. 30 இல் புறப்பட்டால் 219 அளவில், 2.53 மடங்கு. 45 இல் புறப்பட்டால் 183 இல், வெறும் 1.16. 60 இல் புறப்பட்டது 151 இல் வந்து சேர்கிறது, சக்தி 0.29 தான். ஆகவே 18 பாகைக்கு இருபுறமும் சக்தி குறைகிறது; 3.17 க்கு மேல் எந்தக் கோணமும் தருவதில்லை. ஒரே சக்தியோடு இரண்டு இலத்திரன்கள் வரக்கூடும், ஒன்று முந்திப் புறப்பட்டு நீண்ட பாதையில், மற்றையது பிந்திப் புறப்பட்டுக் குறுகிய பாதையில். இனி மறை 10 ஐ இட்டுப் பார்க்கவும், அதாவது உச்சத்துக்கு முன்னரே புறப்படும் இலத்திரன். மூன்றாம் நிரலை எவ்வளவு தூரம் நீட்டினாலும் குறி மாறாது. அந்த இலத்திரன் போனது போனதுதான். மறை 10 க்கும் நேர் 10 க்கும் இடையே 20 பாகை, 148 அட்டோசெக்கன். திரும்பி வருவதற்கும் வராமலே போவதற்கும் இடையிலுள்ள தூரம் அவ்வளவே.

எல்லாக் கோணத்திலும் ஒரே எண்ணிக்கையில் இலத்திரன்கள் புறப்படுவதில்லை என்பதையும் சேர்த்துக்கொண்டால் படம் முழுமையடையும். கசியும் வீதம் புலத்தின் வலிமையோடு அடுக்குக்குறி முறையில் மாறுகிறது. நமது ஆகனுக்கும் செறிவுக்கும், உச்சத்தில் அந்த அடுக்கு மறை 11.0, வேறு கோணங்களில் 11.0 ஐ அக்கோணத்தின் கோசைனால் வகுத்துக்கொள்ள வேண்டும். உச்சத்தில் புறப்படுவோரை 100 என்று வைத்தால் 10 பாகையில் 84, 18 இல் 57, 30 இல் 18, 45 இல் ஒன்று மட்டுமே. ஐந்தாம் நிரலாக இதையும் சேர்த்துவிட்டால், எந்தச் சக்தியில் எத்தனை இலத்திரன்கள் வந்து மோதுகின்றன என்பது தானாகவே தெரியும். லேசர் ஒரு கதவை ஊசலுக்கு இருமுறை, மிகச் சிறிது நேரம் மட்டும் திறந்து மூடுகிறது என்று சொல்வது இதனால்தான்.

மோதும் இலத்திரன் அணுவில் மீண்டும் சேர்ந்துகொண்டால், கொண்டுவந்த சக்தியோடு அயனாக்கற் சக்தியும் சேர்ந்து ஒரே போட்டனாக வெளிவருகிறது. உச்ச எல்லை 15.76 உடன் 3.17 × 11.9 ஐக் கூட்டியது, அதாவது ஏறத்தாழ 53.6 இலத்திரன்வோல்ற்று. உள்ளே போன லேசர் ஒளியின் போட்டன் 1.55 இலத்திரன்வோல்ற்றுத்தான், ஆகவே எல்லை 33 ஆம், 35 ஆம் மடங்குகளுக்கு நடுவே வருகிறது. ஒவ்வோர் அரை ஊசலிலும் இதே நிகழ்வு திசை மாறி நடப்பதால் இரட்டை மடங்குகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, ஒற்றை மடங்குகள் மட்டும் எஞ்சும். நரம்பிசைக் கருவியின் மேற்றொனிகள் மேலே போகப்போக மெலிந்துவிடும். 1987 இல் பிரான்சின் சக்லேயில் லூலியேயும் குழுவினரும் கண்டதோ, பல மடங்குகள் வரை ஒரே மட்டத்தில் நின்று பின்னர் திடீரென வெட்டுப்படும் ஒரு வரிசை. கோர்க்கம் விடுவித்த புதிர் இதுவே. அந்த வெட்டு எங்கே விழும் என்பதை இப்போது உங்கள் தாளே சொல்கிறது. (எங்கள் வாவியில் பாடுவதாகச் சொல்லப்படும் மீன்களையும் இதோடு முடிச்சுப் போடும்படி என்னிடம் கேட்காதவர் மட்டக்களப்பில் குறைவு. துடுப்பின் முனையைக் காதில் வைத்துக் கேட்கும் ஒலியில் 35 ஆம் மேற்றொனி இல்லை.)

இனிக் கட்டுப்பாடு. செறிவைக் கூட்டினால் எல்லை உயரும், ஆனால் ஓரளவுக்கு மேல் கூட்டக்கூடாது: தடுப்பு முற்றாகச் சரிந்து, துடிப்பின் உச்சம் வருமுன்பே அணு வெறுமையாகிவிடும். ஆகனுக்கு அந்த வரம்பு ஏறத்தாழ 2.5 × 10¹⁴. ஈலியத்தின் அயனாக்கற் சக்தி 24.59 என்பதால் அதற்கு 1.5 × 10¹⁵ வரை போகலாம். அலைநீளத்தை இரட்டித்து 1.6 மைக்ரோமீற்றராக்கினால் ஊசலாட்டச் சக்தி நான்கு மடங்காகி, எல்லை ஏறத்தாழ 167 இலத்திரன்வோல்ற்றுக்குப் போகும். கேட்க நன்றாக இருந்தாலும் விலை அதிகம்: இலத்திரன் நீண்ட நேரம் வெளியே சுற்றுவதால் அதன் அலை பரந்துபோய், கிடைக்கும் ஒளி அலைநீளத்தின் ஐந்தாம் அல்லது ஆறாம் அடுக்கின்படி குறைகிறது. ஒளியை வட்ட முனைவாக்கம் செய்தால், அதாவது புலத்தின் திசை சுழன்றுகொண்டே இருக்குமாறு மாற்றினால், இலத்திரன் பக்கவாட்டில் தள்ளப்பட்டு அணுவைத் தவறவிடும், மோதலே நிகழாது. இது பயனற்றதென்று எண்ண வேண்டாம், நடவடிக்கையை நிறுத்தும் ஆளி இது.

என் பார்வையில் மிக நுண்ணிய பிடி துடிப்பின் உறைக்கும் (அதன் வலிமை ஏறி இறங்கும் வடிவம்) அதனுள் ஊசலாடும் புலத்துக்கும் இடையிலான அவத்தைதான். இதற்கு இரண்டாவது தாள் ஒன்று தேவை. 5 பெம்டோசெக்கன் நீளமான துடிப்புக்கு, ஒவ்வொரு கணத்தின் புலத்தையும் ஓர் உறையால் பெருக்குக: நேரத்தைப் பெம்டோசெக்கனில் எடுத்து வர்க்கித்து, 0.0555 ஆல் பெருக்கி, மறைக்குறியிட்டு, இயற்கை அடுக்குக்குறிச் சார்பில் இடுக. தொகையிடலைக் கையால் செய்ய முடியாது என்பதால் படிப்படியாகச் செல்க: முந்தைய நிரையின் வேகத்தோடு ஆர்முடுகலையும் படியையும் பெருக்கிக் கூட்டினால் புதிய வேகம், முந்தைய இடத்தோடு புதிய வேகத்தையும் படியையும் பெருக்கிக் கூட்டினால் புதிய இடம். பழைய வேகத்தைப் பயன்படுத்தினால் பிழை விரைவில் பெருகும். அணு அலகுகளில் (ஐதரசன் அணுவின் அளவுகளை ஒன்றெனக் கொள்ளும் அலகு முறை) படி 0.306, புலத்தின் உச்சம் 0.0755, இலத்திரனின் திணிவு ஒன்று.

உறையின் உச்சியும் புலத்தின் உச்சமும் ஒரே கணத்தில் நின்றால் நடுவில் ஒரு பெரிய உச்சமும், இருபுறமும் 0.91 மடங்கான இரண்டு உச்சங்களும் இருக்கும்; கசியும் வீதத்தைக் கணித்தால் அயல் உச்சங்கள் நடு உச்சத்தின் மூன்றில் ஒரு பங்கு இலத்திரன்களையே தருகின்றன. அவத்தையை 90 பாகை திருப்பினால் 0.98 மடங்கான இரண்டு சமமான உச்சங்கள் வந்துவிடும், தனியொரு தலைவன் இல்லை. அதிஉயர் சக்தியுள்ள போட்டன்களை மட்டும் வடித்தெடுத்து ஒற்றை அட்டோசெக்கன் துடிப்பைப் பெறுவதற்கு ஏற்றது எந்த அவத்தை என்பதை ஊகிக்க வேண்டாம். ஐந்தைந்து பாகையாகத் திருப்பி, ஒவ்வொன்றிலும் திரும்பி வரும் இலத்திரன்களின் சக்தியை எழுதிப் பாருங்கள். கிரவுஸின் குழு 2001 இல் வியன்னாவில் 650 அட்டோசெக்கன் நீளமான தனித் துடிப்பைப் பிரித்தெடுத்தது. அதே ஆண்டில் பிரான்சில் அகொஸ்டினியும் குழுவினரும் ஒவ்வொன்றும் 250 அட்டோசெக்கன் நீளமான துடிப்புகளின் தொடரை அளந்தனர். இத்தகைய வலிமையான துடிப்புகளில் அவத்தையை நிலையாகப் பிடித்து வைத்திருப்பது 2003 இல் கைகூடியது.

உண்மையான லேசரில் இதைச் செய்ய எவ்வளவு சக்தி தேவை என்று எல்லோரும் கேட்பார்கள். ஒரு மில்லியூல் போதும், 100 கிராம் சவர்க்காரக் கட்டி ஒன்றை ஒரு மில்லிமீற்றர் உயர்த்தத் தேவையான வேலை அது. அதை 30 பெம்டோசெக்கனுக்குள் அடைத்து, 50 மைக்ரோமீற்றர் ஆரையுள்ள புள்ளியில் குவித்தால் சதுர சென்ரிமீற்றருக்கு 4 × 10¹⁴ வாற்று வந்துவிடும். இவ்வாறு அடைப்பதற்குத் துடிப்பை முதலில் நீட்டி, பெருக்கி, பின்னர் சுருக்கும் உத்தியை 1985 இல் டொனா ஸ்ட்ரிக்லாண்டும் ஜெரார்ட் முரூவும் கண்டனர். 2018 நோபல் பரிசில் அவர்களுக்கும் பங்கு கிடைத்தது. வெளிவரும் கதிரை வளி விழுங்கிவிடும் என்பதால் எல்லாம் வெற்றிடத்தில் நடக்கும். எஞ்சிய லேசர் ஒளியை மெல்லிய அலுமினியத் தகடு தடுக்கும். கடையில் வாங்கும் லேசர்ச் சுட்டியை எவ்வளவு குவித்தாலும் இதில் எதுவும் நடக்காது, கண்தான் பழுதாகும். அதைப் பரிசோதனைக்கென்று யாரும் எடுக்க வேண்டாம்.

முதல் தாளை முடித்தவர்களுக்கு இன்னுமொரு திருத்தம் மிச்சம் இருக்கிறது. 800 நனோமீற்றர் புலத்தோடு, அதன் பத்தில் ஒரு பங்கு வலிமையுள்ள 400 நனோமீற்றர் புலத்தையும் சேர்க்கவும். செறிவில் அது நூறில் ஒன்றுதான். இடப்பெயர்ச்சிக் கோவையில் இரண்டு உறுப்புகள் கூடும். முதலாவது, நடப்புக் கோணத்தின் இருமடங்கின் கோசைனிலிருந்து புறப்பாட்டுக் கோணத்தின் இருமடங்கின் கோசைனைக் கழித்து 0.025 ஆல் பெருக்கியது. இரண்டாவது, கோணங்களின் வித்தியாசத்தைப் புறப்பாட்டுக் கோணத்தின் இருமடங்கின் சைனாலும் 0.05 ஆலும் பெருக்கியது. இரு நிறங்களுக்கும் இடையிலான அவத்தையை ஒரு தனிக் கலத்தில் வைத்து, அதை ஒவ்வோர் இருமடங்குக் கோணத்தோடும் கூட்டிக்கொள்க. பின்னர் 18 பாகையில் புறப்படும் இலத்திரனையும் 198 பாகையில் புறப்படும் இலத்திரனையும் அருகருகே இரண்டு தாள்களில் ஓடவிடுங்கள். 198 இல் புறப்படுவது எதிர்த்திசையில் போவதால் அதற்கு நேரிலிருந்து மறைக்குக் குறி மாறும் நிரையைத் தேட வேண்டும். ஒற்றை நிறத்தில் இவ்விரண்டும் ஒன்றின் பிரதிபிம்பமாக மற்றையது இருந்தன. இப்போது இரண்டும் வெவ்வேறு கோணத்தில் திரும்பி, வெவ்வேறு சக்தியோடு மோதும். அதுவரை ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருந்த இரட்டை மடங்குகள் அந்தக் கணத்திலிருந்து நிறமாலையில் தோன்றத் தொடங்கும்.